தராசைச் சுற்றிய மஞ்சள் கோடு

தராசுப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

போன பயிற்சி நாளில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அண்ணே, தராசைச் சுத்தி எதுக்கு இந்த மஞ்சக் கோடு? சனத்தைத் தள்ளி நிப்பாட்டவா?" நான் "அதுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, அவசர வேலை வந்தவன்போலத் தராசின் வயரைச் சுற்றத் தொடங்கினேன். வயர் ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அந்தக் கோடு சனத்துக்காகப் போட்டதல்ல. எனக்காகப் போட்டது. பழைய ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவர்கள் மிளகாய் தடவிச் சொல்வதற்கு முன், நானே சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முப்பது சொச்ச வயதில் "ஓய்வு பெறுகிறேன்" என்பது கொஞ்சம் அதிகம்தான். பதுளைக்கு இடமாற்றம் கிடைத்த ஒரு கிளார்க், ஞாயிற்றுக்கிழமைக் கழகமொன்றின் தராசை விட்டுப் போவதற்கு ஓய்வு என்று பெயரில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் எந்தப் பதவியிலிருந்தும் ஓய்வு பெற்றதில்லை. பதவி இருந்தால்தானே ஓய்வு பெறுவதற்கு. ஆகவே கிடைத்ததை வைத்து நான் பெற்றுக்கொள்கிறேன்.

எனக்கு இந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்று கேட்டால், விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்த ஒரே ஆள் நான். மற்றவர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிள் ஓட்ட வந்தார்கள். நான் வாசிக்க வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால் எழுத்தில் எதைக் கண்டாலும் வாசித்து முடிக்காமல் விடமாட்டேன். மருந்துப் போத்தல் லேபலைக்கூட. நம் கழகத்தில் எல்லோரும் என்னைச் "சேர்" என்று கூப்பிட்டார்கள். அது மரியாதை என்று பல காலம் நம்பியிருந்தேன்.

தராசும் எங்கள் வீட்டோடு சம்பந்தமுள்ளதுதான். கண்டி டவுனில் அப்பா கூலி நாட்டாமையாக மூட்டை தூக்கிய உருளைக்கிழங்கு மொத்தக் கடையிலிருந்து இரவல் வாங்கியது. அப்பா மூட்டை ஏற்றிய தட்டில் மகன் மோட்டார் சைக்கிள் ஏற்றினான். இதைத்தான் எங்கள் வீட்டில் முன்னேற்றம் என்று சொன்னார்கள்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டிராக் ரேஸ் என்கிற ஓட்டத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், விளக்கு மாறும், நேர்கோட்டில் பறப்பார்கள், மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். நம்முடைய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓடி முடித்தவர் தலைக்கவசத்தோடும் வண்டியோடும் நேரே தராசுக்கு வர வேண்டும். சின்ன வண்டிப் பிரிவில் ஆளும் வண்டியும் சேர்ந்து நூற்றெண்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால், காற்றைவிட வேகமாக ஓடியிருந்தாலும் ஓடவில்லை என்றுதான் அர்த்தம். மெலிந்த ஆட்கள் வண்டியில் ஈயக்கட்டி பூட்டிக்கொண்டு ஓடலாம். ஆனால் முடிவுக் கோட்டைத் தாண்டியதிலிருந்து தராசில் ஏறி இறங்கும் வரை ஒருவரும் எதையும் குடிக்கவும் கூடாது, ஒதுங்கப் போகவும் கூடாது. உள்ளே போவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை. இந்தக் கடைசி விதியை எழுதியவன் நான். எழுதிவிட்டு இரண்டு மூன்று தடவை சத்தமாக வாசித்து ரசித்தேன்.

ஆரம்பத்தில் நான் எல்லோரையும் கள்ளனாகத்தான் பார்த்தேன். ஒருமுறை ஓர் ஓட்டக்காரரின் சட்டைப்பை வீங்கியிருப்பதைக் கண்டு, ஈயம் ஒளித்திருக்கிறார் என்று நிச்சயித்து, எல்லார் முன்னாலும் பையைக் கவிழ்க்கச் சொன்னேன். அவித்த கடலை. அவர் ஒரு கை அள்ளி என்னிடமே தந்தார். "சேர், பாரமா ஈக்கா பாருங்க" என்று என்னையே நிறுத்துப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு நான் மற்றப் பக்கம் சாய்ந்தேன். எல்லோருக்கும் நல்லவனாக நடக்கப் பார்த்தேன். அதுதான் இந்தக் கதை.

அது நோன்பு மாதம். அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. குண்டசாலைப் பக்கம் நாம் வழக்கமாக அனுமதி வாங்கி மறிக்கும் அந்த நேர் வீதிதான். கண்டியைச் சுற்றி வளையாத வீதி ஒன்று தேடிக் கண்டுபிடித்ததே நம்முடைய கழகத்தின் பெரிய சாதனை என்பதை மறந்துவிடாதீர்கள்.

சின்ன வண்டிப் பிரிவில் கிண்ணத்துக்கு இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் அக்குறணை நௌஷாத். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். பெருநாள் முடிந்து கட்டாருக்கு வேலைக்குப் போகிறார், வண்டியை விற்பதற்கு ஆள் பேசியாயிற்று. ஆகவே இது அவருடைய கடைசி ஓட்டம். அதைவிடப் பெரிய விஷயம், அன்றைக்கு அவருடைய வாப்பா வந்திருந்தார். அக்குறணையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மகனுடைய ஓட்டத்தைப் "பெற்றோல் எரிக்கிற விளையாட்டு" என்று சொல்லி ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர். ஊரை விட்டுப் போவதற்கு முன் வாப்பாவின் கையில் ஒரு கிண்ணம் கொடுக்க வேண்டும் என்பது நௌஷாதின் ஆசை. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எல்லோரும் எனக்குச் சொன்னார்கள்.

மற்றவர் கம்பளை ருவான். பஸ் ஓட்டுகிறவர், சத்தமான மனிதர், தமிழில் பகிடி விட்டுச் சிங்களத்தில் சிரிப்பார்.

காலையில் ஓட்டக்காரர்கள் விரும்பினால் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம் அல்லவா. நௌஷாத் வந்தார். விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர். வண்டியோடு ஏறி நின்றார். நூற்றெண்பத்தொன்று தாண்டி, இரண்டைத் தொடப் பார்த்தது தராசு.

இந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: எண்ணைச் சொல்வது. நமது போட்டிகளை நடத்திய அக்கா எனக்கு ஆரம்பத்திலேயே அதைச் சொல்லியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கணக்குப் படிப்பிக்கிறவர், விசில் ஊதினால் டிரக்டர்கூட நிற்கும். "தம்பி, நிறையைச் சொல்லும். கதையைச் சொல்ல வேண்டாம்" என்பார். நான் தலையாட்டுவேன். தலையாட்டும் பரீட்சையில் எனக்கு விசேஷ சித்தி.

நௌஷாதிடம் கதையைச் சொன்னேன். "என்ன இது, தேவையில்லாத பாரம் தூக்கிட்டு ஓடப் போறீங்க? அந்த ஈயக்கட்டியைக் கழட்டுங்க."

அவர் தயங்கினார். "கெடக்கட்டும் சேர். நோன்பு பிடிச்சீக்கி. அந்திக்கு நான் இந்தப் பாரம் ஈக்க மாட்டேன்."

"ஒரு நாள் சாப்பிடலைன்னா மனுசன் எவ்வளவு கொறைஞ்சிடுவான்? நான் சொல்றேன்ல. ருவான் கூட ஓடுறப்ப ஒன்றரைக் கிலோ சும்மாவா?"

உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலில் எனக்குக் கிடைத்தது சாதாரண சித்தி. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு தைரியம். பௌதிகவியல் புத்தகத்தில், தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு தார் வீதியில் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் நோன்பாளி என்று ஒரு பாடம் கிடையாது.

"சேர் சொன்னா சரி" என்று நௌஷாத் ஈயக்கட்டியைக் கழற்றினார். வைக்க இடமில்லாமல் என் மேசையில் வைத்தார். காற்று பலமாக இருந்தது, கடதாசிகள் பறந்தன. அதைத் தூக்கி விதிப்புத்தகத்தின் மேல் வைத்தேன். நல்ல பாரம். பின்னேரம் வரைக்கும் ஒரு கடதாசியும் அசையவில்லை. எவ்வளவு உபயோகமான மனிதன் நான் என்று மனதுக்குள் ஒரு திருப்தி.

இறுதி ஓட்டம் பின்னேரம் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் வந்தது. தொடக்கக் கோட்டில் ருவான் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரும் பாரத்தில் மட்டுமட்டான ஆள், வயிற்றையே ஈயக்கட்டியாக்குகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. இத்தனை போட்டிகளில் இத்தனை பேர் ஓட்டத்துக்கு முன் அப்படிக் குடிப்பதைப் பார்த்தும், கண்டி வெயில் கூடிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். "பாவம், தாகம்" என்று சொல்லி என்னுடைய போத்தலையும் அவருக்குக் கொடுத்தனுப்பினேன். ஆகவே கணக்கைப் பாருங்கள்: ஒருவரிடமிருந்து ஈயத்தைக் கழற்றியவனும் நான், மற்றவருக்குத் தண்ணீர் ஏற்றியவனும் நான். இரண்டும் நல்ல மனதோடு.

நௌஷாத் வென்றார். வண்டியின் முன் சில்லு அளவு வித்தியாசம். அக்குறணைப் பொடியன்மார் கத்திய கத்தில் வாப்பாவும் எழுந்து நின்றுவிட்டார். தொப்பியைச் சரிசெய்வதுபோல நின்றார், ஆனால் நின்றார்.

இரண்டு பேரும் தராசடிக்கு வந்தார்கள். வென்றவர் முதலில் ஏற வேண்டும். நௌஷாத் ஏறினார். நான் குனிந்து எண்ணைப் பார்த்தேன்.

நூற்றெழுபத்தொன்பது புள்ளி நான்கு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கண்ணாடிதான் தெளிவாயிற்று.

அக்கா விசிலை விரலில் சுற்றிக்கொண்டு வந்தார். "நிறை என்ன?"

"அக்கா, காலையில இவருக்கு..."

"நிறை என்ன தம்பி?"

"காலையில நான்தான் ஈயக்கட்டியைக் கழட்டச் சொன்னேன். இவரு நோன்பு. இவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான்..."

மேசையில் விதிப்புத்தகத்தின் மேல் இருந்த ஈயக்கட்டியை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். குறைந்திருந்த பாரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது.

கூட்டம் கொதித்தது. "சேர் சொல்லித்தானே கழட்டின? அப்ப பிழை ஆருட?" என்று ஒருவர். "பாங்கு சொல்ல இன்னம் கொஞ்ச நேரம்தான் ஈக்கி. நோன்பு தொறந்து ஒரு கோப்பை தண்ணி குடிச்சிட்டு ஏறட்டுமே அக்கா!" என்று இன்னொருவர்.

"அதுவரைக்கும் நான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால் ருவான். வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மற்றக் காலின் மேல் போட்டு, முகம் சிவந்து நின்றார். ஓட்டத்துக்கு முன் ஏற்றிய தண்ணீர் எல்லாம் இப்போது வெளியே வர வழி கேட்டது. ஆனால் நான் ரசித்து எழுதிய விதிப்படி, நிறுத்து முடியும்வரை அவர் ஒதுங்க முடியாது. நௌஷாத் தோற்றால் வெல்பவர் அவர்தான்; ஒதுங்கிவிட்டு வந்தால் அவருடைய பாரமும் போச்சு.

"பே சேர், பே!" என்று சிங்களத்தில் கெஞ்சினார். "முடியாது சேர். கிண்ணத்தை ஆருக்காவது குடுங்க. சீக்கிரம் குடுங்க!"

இப்படி நிலைமை. குடிக்க முடியாத ஒருவர் தராசின் மேல். ஒதுங்க முடியாத ஒருவர் தராசுக்குப் பக்கத்தில். இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டையும் ஒரே வசனத்தில் தடைசெய்த ஆசிரியர். உங்களுக்கு நெருக்கடி என்றால் என்ன என்று யாராவது வகுப்பெடுத்தால் இதைச் சொல்லுங்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஓட்டக்காரர் நீர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று விதியில் எங்கேயாவது இருக்கோ?"

"இல்லை அக்கா."

"அப்ப கேட்டது அவருடைய பிழை, சொன்னது உம்முடைய பிழை. தராசுக்கு இரண்டும் தெரியாது. குறைந்தால் மூன்று தரம் நிறுக்கலாம். திரும்ப நிறும்."

நௌஷாத் இறங்கினார். தட்டைத் துடைத்தேன். பூச்சியமாக்கினேன். திரும்ப வண்டியோடு ஏறினார். இந்த முறை நன்றாகப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். மனது முழுக்க ஒரே வேண்டுதல்: ஏறு, ஏறு, கொஞ்சம் ஏறு. வாப்பா கூட்டத்தின் முன் வரிசைக்கு வந்திருந்தார். நௌஷாத் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

எண் ஏறியது. நூற்றெண்பது புள்ளி ஒன்று.

"நூற்றெண்பது புள்ளி ஒன்னு!" என்று கத்தியவன் நான். அக்குறணைப் பக்கம் ஆகாயம் பிளந்தது. ருவான் "ஹரி, ஹரி, சரி, நான் தோத்தேன்!" என்று ஏதோ விடுதலை கிடைத்தவர்போல வண்டியை ஓரமாக நிறுத்தப் போனார்.

அப்போது நௌஷாத் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கினார். சத்தம் போடவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொல்லப் பார்த்தார். ஆனால் தொண்டை காய்ந்திருந்ததால் குரலைப் பலமாகத் தள்ள வேண்டியிருந்தது, அது எல்லோருக்கும் கேட்டது.

"சேர், கால எடுங்க."

குனிந்து பார்த்தேன். என் வலது சப்பாத்தின் முனை தட்டின் ஓரத்தில் ஏறியிருந்தது.

அதை வேண்டுமென்று வைத்தேனா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். என் அப்பாவே கேட்டார். மனமறிய வைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் என் மனதை மட்டும் விசாரித்து என்ன பயன்? அன்றைக்கு முழு உடம்பும் நௌஷாத் கட்சியில் இருந்தது. கால் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

எடுத்தேன். எண் இறங்கியது. மூன்றாம் முறையும் நூற்றெழுபத்தொன்பது புள்ளி நான்கு. தராசு அன்றைக்கு எல்லோரையும்விட நிதானமாக இருந்தது.

"நிறை?" என்றார் அக்கா.

சொன்னேன். எண்ணை மட்டும்.

ருவானைத் திரும்பக் கூப்பிட்டு ஏற்றினோம். பாவம், போன வழியிலேயே பாதியில் பிடிபட்டார். நூற்றெண்பது புள்ளி மூன்று. அந்தப் புள்ளி மூன்றும் என்னுடைய போத்தல் தண்ணீர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அக்கா வெற்றியை அறிவிக்கும்போது வென்றவர் அந்த இடத்தில் இல்லை. வீதியோரப் பற்றைப் புதருக்குப் பின்னாலிருந்து கை மட்டும் உயர்ந்து ஆடியது. சனம் கைதட்டியது.

கொஞ்ச நேரத்தில் பாங்கு கேட்டது. நௌஷாத் வீதியோரம் குந்தியிருந்து பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். நான் தூரத்தில் என் கதிரையில், அந்த ஈயக்கட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று மனதுக்குள் ஒரு முழு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல வசனமாகத்தான் வந்தது. அதற்குள் அவரே ஒரு பேரீச்சம்பழத்தோடு வந்துவிட்டார்.

"சாப்பிடுங்க சேர். நீங்களும் பகலைக்குச் சாப்பிடல்லதானே."

உண்மைதான், நான் சாப்பிடவில்லை. எழுதிய வசனத்தை விட்டுவிட்டுப் பழத்தை வாங்கினேன். "என் கால் விஷயத்தில நீங்க சும்மா இருந்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டேன்.

"எப்பிடி சேர்? வாப்பா பாத்துட்டு ஈந்தாரே."

அப்போது வாப்பாவும் பக்கத்தில் வந்து நின்றார். முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார். கடைக்காரர் பார்வை. என்ன சொல்லப் போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"சேர், கோவிக்க வாணாம்" என்றார். "நம்மட கடையில உங்களை வேலைக்கு எடுக்க ஏலாது."

முதலில் சிரித்தவர் நௌஷாத். பிறகு பற்றையிலிருந்து திரும்பியிருந்த ருவான். பிறகு அக்காகூட. வாப்பா சிரிக்கவில்லை, மகனுடைய தோளில் கையை வைத்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கிண்ணம் கையில் இருந்திருந்தால் அந்தக் கை அங்கே போயிருக்காது என்று நினைத்தேன். ஆனால் நான் நினைப்பதை எல்லாம் நம்ப வேண்டாம், அன்றைக்கு நடந்ததைத்தான் இப்போது வாசித்தீர்களே.

நோன்புக் கஞ்சி குடித்து முடித்த பிறகு பொடியன்மார் நௌஷாதைச் சும்மா ஒருமுறை தராசில் ஏற்றினார்கள். நூற்றெண்பதைத் தாண்டியது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நான் கதிரையில் இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த போட்டிக்கு வந்தபோது தராசைச் சுற்றி மஞ்சள் கோடு போடப்பட்டிருந்தது. அக்கா கையில் பெயின்ற் தகரம். "இது உமக்குத்தான்" என்றார். கதையைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் நோன்பு மாதத்தில் இறுதி ஓட்டங்களைக் காலையிலேயே வைத்தோம். அந்த யோசனை என்னுடையது என்று சொல்ல எனக்கு ஆசை. அது ருவானுடையது.

உங்களுக்குச் சொல்ல வருவது இவ்வளவுதான். தராசடியில் உங்களுக்குக் கோபம் வரும், அது பரவாயில்லை, கோபம் வந்தால் நமக்கே தெரியும். இரக்கம் வரும்போதுதான் கவனம். அது எந்தப் பக்கமாக உடம்பில் இறங்குகிறது என்று தெரியாது. இரக்கத்தை விதி எழுதும் நாளில் காட்டுங்கள், அங்கே நிறைய இடம் இருக்கிறது. தட்டில் இடமில்லை. எண் தெரியும்வரை கோட்டுக்கு வெளியே நில்லுங்கள், எண் தெரிந்தால் எண்ணை மட்டும் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலை யாருக்கும் கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் இரண்டு பேருக்கும் கொடுங்கள்.

இன்னொரு வேலையையும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. நௌஷாத் இன்னும் கட்டாரில்தான். ஒவ்வொரு போட்டி நாளும் விடியற்காலையில் என் போனுக்குக் குரல் செய்தி ஒன்று வரும். சலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை, ஒரே கேள்வி: "சேர், கால் எங்க ஈக்கி?"

நான் குனிந்து, மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கிற என் சப்பாத்து இரண்டையும் படம் எடுத்து அனுப்புவேன். அதற்குப் பிறகுதான் முதல் வண்டியைத் தராசில் ஏற்றுவேன்.

வருகிற ஞாயிறு நான் பதுளையில் இருப்பேன். அவருக்கு உங்கள் போன் இலக்கங்களைக் கொடுத்துவிட்டேன். காலையில் கேள்வி வரும். சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு போங்கள்.